வார்ப்பிரும்பு தானாக உடைவதில்லை

“கடற்பக்கத் தோட்டத்திலிருந்த இரும்பு இருக்கை, பழமை காரணமாகத் தானாகவே உடைந்தது. பணியாளர் எவர் மீதும் குற்றம் இல்லை.”

நான் பராமரிப்புப் பொறியாளராக வேலை பார்த்த அறக்கட்டளையின் விசாரணைக் குறிப்பு இந்த இரண்டு வரிகளோடு முடிகிறது. கீழே தேதி இருக்கிறது. மூன்று கையெழுத்துகளும் வட்ட முத்திரையும் இருக்கின்றன. மூன்றில் ஒன்று என்னுடையது. நகலை வைத்திருக்கிறேன். எடுத்துப் படிக்கும்போதெல்லாம் இரண்டாவது வரி நிம்மதியைத் தருகிறது, முதல் வரி கோபத்தைக் கிளப்புகிறது. இரண்டாவது வரிக்காக ஒரு மாலையும் மறுநாள் காலையும் சண்டை போட்டேன். முதல் வரியை என்னால் தடுக்க முடியவில்லை.

பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், பழைய வார்ப்பிரும்பு பெஞ்சுகளையும் மேசைகளையும் எப்படிக் கழுவுவது, எப்படிப் பாதுகாப்பது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். கழுவுவது பற்றி எழுத அதிகம் இல்லை. நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நார் பிரஷ், கழுவிய கையோடு உலர்ந்த துணி. துரு கண்ட இடத்தைச் சுரண்டி, அன்றைக்கே ப்ரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு பெயின்ட். இதைக் கற்றுக்கொள்ள ஒரு நாள் போதும். கழுவும்போது கண்ணில் படுவதை யாரிடம் சொல்வது, சொல்லியும் கேட்காவிட்டால் என்ன செய்வது, உடைந்துபோன பிறகு எதைத் தொடாமல் விடுவது என்பதெல்லாம்தான் கடினம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த இரும்பின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். தோசைக்கல் கை தவறி விழுந்து இரண்டாகப் பிளந்ததை உங்கள் வீட்டில் யாராவது பார்த்திருப்பார்கள். அச்சில் ஊற்றி வார்த்த இரும்பு அப்படித்தான். கம்பியைப் போல வளைந்து கொடுத்து எச்சரிக்காது. சுமக்கும், சுமந்துகொண்டே இருக்கும், பிறகு ஒரே சத்தம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு முன்னால் எங்கேயோ ஒரு மயிரிழை வெடிப்பு இருந்திருக்கும். அதைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு மூடினார். இரண்டில் ஒன்று.

மூடுவது என்றால் எங்கள் அறக்கட்டளையில் ஒரே வழி, பெயின்ட். கலெக்டர் வருகிறார் என்றால் பெயின்ட், ஆண்டு விழா என்றால் பெயின்ட், கிறிஸ்துமஸ் என்றால் பெயின்ட். மன்னார்குடியில் எங்களுக்கு ஒரு கல்யாண மண்டபம் உண்டு. அதன் வராந்தாவில் பூவும் கொடியும் வார்த்த இரண்டு இரும்பு பெஞ்சுகள். ஓர் ஆயுத பூஜைக்கு மண்டபத்து ஆட்கள் குத்துவிளக்கு தேய்த்த கையோடு அந்தப் பெஞ்சுகளையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார்கள். பித்தளைக்குப் புளி போட்டால் பளபளக்கும். இரும்புக்குப் போட்டால் மேல்தோல் போய்விடும். அதைத் துடைக்கவும் இல்லை, ஈரத்தின் மேலேயே சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார்கள். அடுத்த முகூர்த்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா அதில் உட்கார்ந்து எழுந்தார். பூவும் கொடியும் அப்படியே வேட்டியில் பழுப்பு நிறத்தில் இறங்கியிருந்தன.

“பட்டு வேட்டில பிரிண்ட் போட்டுக் குடுத்துருக்கீங்க. இதுக்குத் தனி சார்ஜா, மண்டப வாடகையிலயே சேந்துருச்சா?” என்று கேட்டார்.

சிரிப்போடு போய்விட்டது. மண்டப மேலாளர் செய்த பரிகாரம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே வெள்ளி நிறப் பெயின்டை அடித்துவிட்டார். ஐப்பசி மழை வந்ததும் அந்தப் பெயின்ட் பொரித்த அப்பளம் போல எழும்பிக்கொண்டது. கேட்டதற்கு, “விழாவுக்கு நல்லா இருந்துச்சுல்ல சார்?” என்றார். இந்தக் கேள்வியை என் பணிக்காலம் முழுக்க எத்தனையோ வாய்களில் கேட்டிருக்கிறேன்.

என் முதல் மேலதிகாரி ஒரு ரைஸ் மில்லின் இயந்திரப் பிரிவிலிருந்து வந்தவர். பெயர் எழுதினால் அவருக்குப் பிடிக்காது, எழுதவில்லை. எந்தத் தோட்டத்துக்கு ஆய்வுக்குப் போனாலும் முதல் காரியமாக ஒவ்வொரு பெஞ்சிலும் உட்காருவார். அந்தக் கோடிக்கு ஒருமுறை நகர்வார், இந்தக் கோடிக்கு ஒருமுறை நகர்வார். பிறகு இறங்கிக் குனிந்து காலைப் பார்ப்பார். கடைசியாகச் சாவிக்கொத்தால் தட்டுவார். நல்ல வார்ப்பு மணி மாதிரி நீளமாகச் சத்தம் கொடுக்கும். வெடித்தது ஓட்டைச் சட்டி மாதிரி கொடுக்கும். “பெஞ்ச பாக்க வந்தவன் அதுல உட்காராம போனா அது இன்ஸ்பெக்‌ஷன் இல்லப்பா, வாக்கிங்” என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். போதுமானதாக இருந்தது.

இனி அந்த விசாரணைக் குறிப்பின் கதை.

தரங்கம்பாடியில் எங்கள் அறக்கட்டளைக்கு ஒரு விருந்தினர் விடுதி இருந்தது. பின்பக்கத் தோட்டம் கடலைப் பார்த்தது. அங்கே வரிசையாக வார்ப்பிரும்பு பெஞ்சுகள். வருகிறவர்களிடம் டேனிஷ்காரர் காலத்துப் பெஞ்சு என்று சொல்வார்கள். டேனிஷ்காரர்கள் 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பெஞ்சுகள் அவர்கள் காலத்தவை என்பதற்குத் துண்டுச் சான்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. போகட்டும். பெருமை பேச டேனிஷ்காரர் வேண்டும், ஆனால் உப்புக் காற்றில் நிற்கிற இரும்பை வாரம் ஒருமுறை துடைக்கச் சொன்னால் ஆள் இல்லை என்பார்கள்.

துடைக்க ஒரே ஓர் ஆள் இருந்தார். செல்வமேரி. பக்கத்து நெல் கிராமம். வயலில் நடவும் களையெடுப்புமாக இருந்துவிட்டு ஒப்பந்தத் துப்புரவு வேலைக்கு வந்தவர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடுதியின் மேலாளர் ராஜமாணிக்கம். பெயின்ட் வேலை, டைல்ஸ் வேலை எல்லாவற்றுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர்தான், கலியமூர்த்தி.

நிகழ்ச்சிகளை என் வழக்கப்படி வரிசையாகச் சொல்கிறேன். பங்குனியில் தோட்டத்துக்கு டைல்ஸ் போட்டார்கள். அந்தப் பெஞ்சுகளின் கால்கள் குழாய் போல உள்ளீடற்றவை. உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற ஒவ்வொரு பாதத்திலும் ஒரு துளை உண்டு. கலியமூர்த்தியின் ஆட்கள் பெஞ்சுகளைத் தூக்கி வைக்கச் சோம்பல்பட்டு, கால்களைச் சுற்றிச் சிமென்ட் கலவையைப் போட்டுப் பூசிவிட்டார்கள். துளைகள் அடைபட்டன. ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் கால்களுக்குள் தண்ணீர் நின்றது. உள்ளே துரு ஏறியது. துரு ஏறினால் பருக்கும், பருத்தால் இரும்பை வெளியே தள்ளும். மார்கழியில் கிறிஸ்துமஸுக்கு எல்லாப் பெஞ்சுகளுக்கும் வெள்ளிப் பெயின்ட் அடித்தார்கள். தை மாதம் ஒரு நாள் செல்வமேரி துடைத்துக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சின் ஒரு காலில் துணியின் நூல் மாட்டிக்கொண்டது. குனிந்து பார்த்திருக்கிறார். பெயின்டின் மேல் மெல்லிய பழுப்புக் கோடு.

“கண்ணு மை கலைஞ்ச மாதிரி ஒரு கோடு சார்” என்று பின்னால் என்னிடம் சொன்னார். “கைய வச்சு அசைச்சா லேசா ஆடுச்சு. மேனேஜர் சார்கிட்ட போய்ச் சொன்னேன்.”

ராஜமாணிக்கம் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“இப்பதானே பெயின்ட் அடிச்சோம், அதுக்குள்ள எப்படி ஆடும்னாரு.”

இந்தப் பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயின்டும் உறுதியும் ஒன்று என்று நம்புகிற ஒருவரிடம் ஒரு தோட்டத்தை ஒப்படைத்திருந்தோம்.

செல்வமேரி இரண்டாவது முறையும் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தப் பெஞ்சின் நடுவில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டியை வைத்துவிட்டார். சின்ன மண் தொட்டி, ஒரு கையால் தூக்கலாம். தொட்டி இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள் அல்லவா? ஒரு மாதத்துக்கு மேல் யாரும் உட்காரவில்லை. அறக்கட்டளையின் பொறியாளர், கான்ட்ராக்டர், மேலாளர் ஆகிய எல்லாருக்கும் பதிலாக ஒரு குரோட்டன்ஸ் செடி வேலை பார்த்தது.

மாசியில் ஒரு கல்யாண வீட்டார் விடுதியில் தங்கினார்கள். மறுநாள் பிற்பகல் கடல் தெரியக் குடும்பப் படம் எடுக்க வேண்டும். கேமராக்காரர் கடைசி பெஞ்சைத்தான் தேர்ந்தெடுத்தார், பின்னால் டேனிஷ்காரர் கோட்டை தெரிந்ததால். தொட்டி படத்தில் இடிக்கிறது என்று அவருடைய உதவியாளர் அதைத் தூக்கித் தரையில் வைத்தார். தூரத்தில் பெருக்கிக்கொண்டிருந்த செல்வமேரி, “அதுல உட்காராதீங்க, அதுல உட்காராதீங்க” என்று சொல்லிக்கொண்டே ஓடி வந்திருக்கிறார். “நீ தள்ளிக்கம்மா, ஃபிரேம்ல விழற” என்றிருக்கிறார் கேமராக்காரர். பெண்ணின் தாய்மாமன் நல்ல உடம்புக்காரர். நடுவில் உட்கார்ந்தார். ஒரே சத்தம். பெஞ்சின் இடப்பக்கக் கால் முறிந்து அது சாய்ந்தது. அவர் கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

நான் அன்று மயிலாடுதுறையில் வேறு வேலையாக இருந்தேன். போன் வந்ததும் கிளம்பி, வெயில் சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தேன். மாமனை மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அவருடைய மனைவி மட்டும் வரவேற்பறையில் துணி மூட்டையோடு காத்திருந்தார்.

“வீட்டுல மூணு பிளாஸ்டிக் சேர ஒடச்சவருதான், இல்லேங்கல” என்றார் என்னிடம். “ஆனா இரும்பு பெஞ்சு எப்படிங்க ஒடையும்? நீங்களே சொல்லுங்க.”

நியாயமான கேள்வி. அதற்குள் பெண்ணின் அப்பா உள்ளே வந்தார். ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னார். “யாரோ ஒருத்தர் பேரு வேணும்ல? யாரு பொறுப்பு, அத மட்டும் எழுதிக் குடுங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

ராஜமாணிக்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். துப்புரவுப் பணியாளர் செல்வமேரி, அனுமதியின்றி பளுவான தொட்டியை இருக்கையின் மேல் வைத்திருந்ததால் இருக்கை சேதமடைந்தது. படித்துவிட்டுத் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தேன். பேசியிருந்தால் சத்தம் போட்டிருப்பேன். மூன்று பேர் உட்காருவதற்காக வார்த்த பெஞ்சை ஒரு பூந்தொட்டி உடைத்துவிட்டதாம். மாமன் உட்கார்ந்ததுகூட அதில் இல்லை.

செல்வமேரி சமையலறைப் பக்கத்துக் குழாயடியில் நின்றிருந்தார். அழவில்லை. துடைப்பத்தைக் கழுவிக்கொண்டிருந்தார், கழுவியதையே மறுபடியும்.

“சார், எம்பேரு ஸ்டேஷன்ல போச்சுன்னா மக காலேஜுல கேப்பாங்களா?”

“இன்னும் போகல.”

“நாளைக்குப் போயிரும்னு மேனேஜர் சார் சொன்னாரு. வேலையும் இல்லன்னுட்டாரு. வேலை போனாப் போவுது சார். வயல்ல எறங்கிக்கலாம். பேரு போச்சுன்னா எங்க போயி எறங்கறது?”

தோட்டத்துக்குப் போனேன். அங்கே கலியமூர்த்தி வெல்டிங் மெஷினோடும் ஓர் ஆளோடும் நின்றிருந்தார். அந்த ஆள் கையில் கிரைண்டர். உடைந்த காலின் வாயைச் சாய்வாகத் தேய்த்துவிட்டுப் பற்ற வைக்கத் தயாராக இருந்தான்.

“நிறுத்துங்க” என்றேன்.

“பத்து நிமிஷ வேலை சார். ஒட்டிரலாம்.”

“ஒட்டறதுக்கு முன்னாடி பாக்கணும் கலியமூர்த்தி.”

“பாக்க என்ன சார் இருக்கு? ஒடஞ்சிருக்கு.”

“என்னைக்கு ஒடஞ்சதுன்னு பாக்கணும்.”

அவர் முகம் மாறியதை நான் குறித்துக்கொண்டேன். ஆனால் முகம் சாட்சி ஆகாது.

அந்த நேரத்தில் நான் எடுத்த முடிவை விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இது வரும். உடைந்தது எதுவானாலும் உடனே சரிசெய்யத்தான் நம் கை துடிக்கும். விருந்தாளிகள் இருக்கிறார்கள், பார்க்க அசிங்கமாக இருக்கிறது, மேலாளர் அவசரப்படுத்துகிறார். சாதாரண வெல்டிங் கம்பியால் குளிர்ந்த வார்ப்பிரும்பைப் பற்ற வைத்தால் பக்கத்திலேயே புதிதாக வெடிக்கும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், முறிந்த முகம்தான் நமக்கு இருக்கிற ஒரே உண்மை. கிரைண்டர் அதை ஒரு நிமிடத்தில் அழித்துவிடும்.

முறிந்து கலவையிலிருந்து பெயர்ந்து கிடந்த காலைக் கையில் எடுத்தேன். முகத்தில் பெரும்பகுதி பழுப்பு, நாள்பட்ட துரு. வெளி ஓரத்தில், துருவுக்கு மேலே, மஞ்சள் நிறத்தில் பட்டி. சுவர் வெடிப்பில் பூசுவோமே, அந்த மாதிரி. பட்டியின் மேல் வெள்ளிப் பெயின்ட். உள் ஓரத்தில் மட்டும் விரல் நகம் அளவுக்கு ஒரு பிறை, உடைத்த கற்கண்டு போல மினுங்கும் சாம்பல் நிறம். அன்று பிற்பகல் முறிந்தது அந்தப் பிறை மட்டும். மீதியெல்லாம் எப்போதோ முறிந்து, யாராலோ மூடப்பட்டிருந்தது.

கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. அந்த ஊர்க் காற்றில் புதிதாக உடைந்த இரும்பு ஓர் இரவில் பழுத்துவிடும். காலையில் முகம் முழுவதும் ஒரே பழுப்பாக இருந்தால், எது பழையது எது புதியது என்று யார் சொல்ல முடியும்? செல்போனில் படம் எடுத்தேன். ஆனால் படத்தைப் பார்த்து வெளிச்சம் சரியில்லை, நிழல் என்று சொல்வார்கள், எனக்கு அந்த ஆட்களைத் தெரியும். இரும்பே பேச வேண்டும். உலர்ந்த துணியில் சுற்றி, பாலிதீன் கவர்களில் போட்டுக் கட்டி, விடுதியில் ஈரம் அண்டாத ஒரே இடத்துக்கு எடுத்துப் போனேன். சமையலறையின் அரிசி டிரம்.

சமையல் மாஸ்டர் வைத்தி டிரம்மின் மூடி மேல் கையை வைத்துக்கொண்டார். “சார், நாளைக்குப் பொங்கலுக்கு எடுக்கற அரிசி சார் இது.”

“மூணு கவர் சுத்தியிருக்கேன் வைத்தி.”

“கவர் சுத்தினா? நாளைக்கு கெஸ்ட்டு பொங்கல்ல இரும்புச் சத்து ஜாஸ்தியா இருக்கேன்னா நீங்கதான் வந்து பதில் சொல்லணும்.”

“செல்வமேரிக்காக.”

வைத்தி கையை எடுத்தார். அவரே அரிசியைத் தோண்டி, பொட்டலத்தை உள்ளே புதைத்து, மேலே மூடி போட்டு, மூடியின் மேல் அம்மிக் குழவியையும் தூக்கி வைத்தார்.

காலையில் அறக்கட்டளையின் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை, நேரம் தவறாதவர். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, முறிந்த காலை எடுத்து வைத்தேன். பிறை மினுங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு, மஞ்சள், வெள்ளி, சாம்பல் என்று வரிசையாகக் காட்டிச் சொன்னேன்.

நான் தேதிகளைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவன். மழை தொடங்கிய நாள், குழாய் மாற்றிய நாள் எல்லாம் குறித்து வைப்பேன். ஆனால் அன்று என் குறிப்புகளை நான் வெளியே எடுக்கவில்லை. அந்த இரும்பில் தேதி இல்லை, வரிசை இருந்தது. துரு முதலில், துருவின் மேல் பட்டி, பட்டியின் மேல் பெயின்ட். அந்த வரிசையை யாரும் மாற்றி எழுத முடியாது.

ராஜமாணிக்கம் விடவில்லை. “மேடம், அந்தம்மா தொட்டிய முன்னாடியே வச்சிருக்கலாமே? வெடிச்சப்புறம் பட்டி வச்சிருக்கலாம்ல?”

இதையும் எதிர்பார்த்திருந்தேன். செயலாளரைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். சாய்ந்து கிடந்த பெஞ்சின் இருக்கையில் தொட்டி வைத்த வட்டம் இருந்தது. சேறும் தண்ணீர்க் கறையும் பதிந்த வட்டம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். அடியில் வெள்ளிப் பெயின்ட் முழுதாக இருந்தது.

“தொட்டி வச்சது பெயின்ட்டுக்கு அப்புறம் மேடம். வெடிச்சது பெயின்ட்டுக்கு முன்னாடி.”

செயலாளர் தரையிலிருந்த தொட்டியைப் பார்த்தார். குனிந்து ஒரு கையால் தூக்கினார். ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். “இதுதான் பளுவான தொட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கீழே வைத்தார். பிறகு கலியமூர்த்தியிடம் திரும்பினார். “பட்டி ஏன் வச்சீங்க?”

“அது ஃபினிஷிங் மேடம். எல்லா வேலைக்கும் வைக்கறதுதான்.”

“மத்த மூணு கால்லயும் இருக்கா?”

கலியமூர்த்தி குனிந்து மற்றக் கால்களைப் பார்த்தார்.

“வெடிச்ச கால்ல மட்டும் ஃபினிஷிங்கா?”

“வெடிப்புன்னு தெரியாது மேடம்.”

“தெரியாமயே சரியா அந்த எடத்துல வச்சிருக்கீங்க. கெட்டிக்காரர்தான்.”

செல்வமேரியின் பெயர் எடுக்கப்பட்டது. ராஜமாணிக்கம் எழுதிய தாளைச் செயலாளர் நான்காகக் கிழித்தார். அதுவரை எல்லாம் சரி. அதன் பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டதுதான் நான் தொடக்கத்தில் காட்டிய இரண்டு வரிகள்.

“பட்டின்னு எழுதலாமே மேடம்” என்றேன். “துளைய அடச்சதுன்னு எழுதலாமே. பழமைங்கறது பொய் மேடம். சரியா கவனிச்சா அந்தப் பெஞ்சு நம்ம பேரப் பிள்ளைங்களயும் உட்கார வச்சிருக்கும்.”

“ஒங்க கோவம் நியாயம் சார். ஆனா மெயின்டனன்ஸ்ல தப்புன்னு நாமளே எழுதி ஸ்டேஷனுக்கு அனுப்பினா டிரஸ்டிங்க கையெழுத்து போட மாட்டாங்க. பேப்பர் ஒரு வாரம் சுத்தும். பொண்ணோட அப்பா மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போறார். அதுவரைக்கும் அவர் கையில இருக்கறது யார் பேரு?”

முந்தைய நாளே ராஜமாணிக்கம் அவரிடம் வாயால் சொல்லிவிட்ட பெயர்தான், செல்வமேரி. நான் கையெழுத்துப் போட்டேன். அரை உண்மை என்று தெரிந்தே போட்டேன். அந்த மத்தியானத்துக்கு அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன், ஆனால் என் கோபம் அதனால் ஒரு பிடி அரிசி அளவும் குறையவில்லை. துளையை அடைத்தவர், பட்டி பூசியவர், இரண்டு முறை சொல்லியும் காதில் வாங்காதவர் எல்லாரும் “பழமை” என்ற சொல்லின் பின்னால் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்கள். அந்தச் சொல் மட்டும் எப்படி அத்தனை பேரைத் தாங்குகிறதோ தெரியவில்லை.

பெண்ணின் அப்பா குறிப்பைப் படித்தார். தொட்டி வைத்த கதையையும் செயலாளர் மறைக்காமல் சொன்னார். பெண்ணின் அப்பா செல்வமேரியைக் கூப்பிடச் சொல்லி, “நீங்கதான் கத்துனீங்களாமே, உட்காராதீங்கன்னு?” என்று கேட்டார். செல்வமேரி தலையை ஆட்டினார். “எங்க சத்தத்துல கேக்கல போல” என்றார் அவர். புகார் கொடுக்கவில்லை.

நான் செல்வமேரியிடம் போய், பெயர் எடுத்தாகிவிட்டது, வேலையும் இருக்கிறது என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்று நினைக்கிறேன். அவர் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “மத்த பெஞ்செல்லாம் யாரு பாக்கறது சார்?”

அன்று மாலை பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெஞ்சின் நடுவிலும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. விடுதியில் இருந்த தொட்டிகள் போதாமல், வாசலில் இருந்த இரண்டு துளசித் தொட்டிகளும் வந்திருந்தன. ராஜமாணிக்கம் ஜன்னலருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

பஸ்ஸை விட்டுவிட்டேன். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டினேன். செல்வமேரி பக்கத்தில் நின்று, நல்ல சத்தம் கொடுத்த பெஞ்சிலிருந்து தொட்டியை இறக்கினார். எல்லாத் தொட்டிகளும் இறங்கவில்லை. மிஞ்சியவை, அடுத்த பங்குனிக்குள் கால்களைச் சுற்றிய கலவை உடைக்கப்பட்டு, துளைகள் திறக்கப்பட்டு, வெடித்த கால்களுக்கு இரும்புத் தகடு வைத்து போல்ட் போடப்பட்டு, பெயின்ட் முழுவதும் சுரண்டப்பட்ட பிறகுதான் இறங்கின. அந்த வேலையைக் கலியமூர்த்திக்குக் கொடுக்கவில்லை. சுரண்டும்போது இன்னொரு பெஞ்சிலும் மஞ்சள் பட்டி வந்தது.

எனவே நான் கேட்டுக்கொள்வது இதுதான். உங்களிடம் துடைப்பவர் வந்து ஆடுகிறது என்று சொன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்லாதீர்கள். எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்காருங்கள். எந்தப் பெஞ்சின் மேலாவது சம்பந்தமில்லாமல் ஒரு தொட்டி இருந்தால், அதை நகர்த்துவதற்கு முன்னால் வைத்தவர் யார் என்று கேளுங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. வெடிப்பைப் பார்த்துவிட்டு அதில் பட்டி பூசச் சொன்னது யார்? மேலாளர்தான், “விழாவுக்குத் தெரியாம பண்ணிடு” என்றார் என்று கலியமூர்த்தி பின்னாளில் என்னிடம் சொன்னார். வெடிப்பையே தான் பார்த்ததில்லை என்று ராஜமாணிக்கம் சொன்னார். பூசிய பெயின்டர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணன் மூலம் இருமுறை கேட்டனுப்பினேன். பதில் வரவில்லை. முறிந்த அந்தக் கால் இப்போது என் மேசையில் இருக்கிறது. பிறையும் பழுத்துவிட்டது. பூசச் சொன்னவர் யார் என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.